தாங்ஹுலு: அரண்மனைக் கதையும் தெருவோரச் சான்றுகளும்

வட சீனாவில் குளிர்காலம் தொடங்கியதும் தெருமுனைகளுக்குத் தாங்ஹுலு வந்துவிடும். மூங்கில் குச்சியில் ஏழெட்டுச் சிவப்புப் பழங்களைக் கோத்து, கொதிக்கும் சர்க்கரைப் பாகில் புரட்டியெடுத்து, குளிரில் இறுகவிட்டு விற்கும் தின்பண்டம் அது. பழத்தின் பெயர் ஷான்ஜா. ரோஜாக் குடும்பத்து முள்மரம் ஒன்றின் கனி. இரண்டு சென்டிமீட்டருக்குச் சற்று மேல் விட்டம், கடும் புளிப்பு, சாறு குறைந்த சதை. இந்தத் தின்பண்டம் எப்படித் தோன்றியது என்று கேட்டால் அநேகமாக எல்லோரும் ஒரே கதையைத்தான் சொல்வார்கள். தெற்குச் சோங் வம்சத்துப் பேரரசர் குவாங்ஸோங்கின் பிரியத்துக்குரிய ஹுவாங் என்ற அரசி சாப்பாடு இறங்காமல் மெலிந்துகொண்டே வந்தாளாம். அரண்மனை வைத்தியர்கள் கைவிட்ட பிறகு ஊர் சுற்றும் வைத்தியர் ஒருவர் வந்து, ஷான்ஜாவைக் கற்கண்டோடு வேகவைத்து ஒவ்வொரு வேளை உணவுக்கு முன்பும் ஐந்து முதல் பத்துப் பழம் கொடுக்கச் சொன்னாராம். அரசி பிழைத்துக்கொண்டாள், வைத்தியம் மக்களிடம் பரவித் தின்பண்டமாயிற்று என்று கதை முடிகிறது. தாங்ஹுலு பற்றிய பெரும்பாலான அறிமுகக் குறிப்புகள் இதை வரலாறாகவே சொல்கின்றன. பழம், சர்க்கரை, குளிர், இந்த மூன்றையும் கூட்டிச் சேர்த்த கைகள் ஆகியவற்றிலிருந்து தொடங்கினால் வேறொரு வரலாறு கிடைக்கிறது. அது அரண்மனையில் தொடங்குவதில்லை. தொடங்கும் காலமும் 12ஆம் நூற்றாண்டாகத் தெரியவில்லை.

முதலில் கதையின் மாந்தர்களைப் பார்க்கலாம். குவாங்ஸோங் 1189 முதல் 1194 வரை ஆண்டவர். அவருக்கு ஹுவாங் என்ற அரசி இருந்தது உண்மை. ஆனால் சோங் வம்சத்தின் அதிகாரபூர்வ வரலாறு அவளைப் பற்றிச் சொல்லும் செய்தி வேறு. 1191இல் பேரரசர் நகருக்கு வெளியே வேள்விச் சடங்குக்காகத் தங்கியிருந்தபோது, பட்டத்தரசி லீ அவளைக் கொன்றுவிட்டு, திடீரென்று இறந்துபோனதாகச் செய்தி அனுப்பினாள். அந்த அதிர்ச்சியிலிருந்து பேரரசரின் மனநிலை கடைசிவரை தேறவில்லை. அவர் பட்டத்துக்கு வந்து மூன்று ஆண்டுகூட முழுதாக ஆகாத நேரம் அது. பழம் தின்று பிழைத்த அரசியின் கதையை இந்தக் குறுகிய காலத்துக்குள் பொருத்துவது முடியாத காரியம் என்று சொல்லமாட்டேன். ஆனால் கொலையில் முடிந்த ஒரு வாழ்வைக் கதை தன் வசதிக்கு எடுத்துக்கொண்டு சுபமாக முடித்திருக்கிறது என்ற ஐயம் வலுவாகவே எழுகிறது. இடமும் பொருந்தவில்லை. குவாங்ஸோங்கின் தலைநகரம் தெற்கே லின்ஆன், அதாவது இன்றைய ஹாங்ஜோ. தாங்ஹுலுவின் ஊராக எல்லோரும் கருதும் பெய்ஜிங் அப்போது அவருடைய ஆட்சியில் இல்லை. 1153இலிருந்து அது ஜூர்சென் இனத்தாரின் ஜின் வம்சத் தலைநகரமாக இருந்தது. தெற்கு அரண்மனை வைத்தியம் மக்களிடம் பரவியிருந்தால் முதலில் ஹாங்ஜோவிலும் அதைச் சுற்றிய ஊர்களிலும் வேர்விட்டிருக்க வேண்டும். பகை நாட்டுத் தலைநகரில் போய் அது முளைத்ததற்குக் கதையில் காரணம் ஏதும் சொல்லப்படவில்லை.

மருந்தின் காலக்கணக்கு இதைவிடக் கடினமான சிக்கல். இறைச்சி செரிக்க ஷான்ஜா நல்லது என்பது இன்று சீன மருத்துவத்தின் பாலபாடம். 1578இல் எழுதி முடிக்கப்பட்டு 1596 வாக்கில் அச்சேறிய தம் பெரும் மருந்துநூலில் லீ ஷிஜென் இதை விரிவாகப் பேசுகிறார். முற்றிய கோழியின் கறி வேகாவிட்டால் சில ஷான்ஜாப் பழங்களைப் போட்டால் மெத்தென்று வெந்துவிடும் என்ற சமையல் அனுபவத்தையும் அங்கே சேர்க்கிறார். அதே இடத்தில் வரலாற்றாசிரியருக்குப் பயன்படும் ஒரு செய்தியும் இருக்கிறது. பழைய மருந்து முறைகளில் இந்தப் பழம் அரிதாகவே வந்தது என்றும், ஜூ ஜென்ஹெங் அதன் குணத்தை எடுத்துச் சொன்ன பிறகே முக்கிய மருந்தாயிற்று என்றும் லீ ஷிஜென் எழுதுகிறார். ஜூ ஜென்ஹெங் வாழ்ந்தது 1281 முதல் 1358 வரை. ஆக, ஷான்ஜாவைச் செரிமான மருந்தாக எல்லோரும் அறிந்த காலம் குவாங்ஸோங்குக்கு ஒரு நூற்றாண்டுக்கும் பிற்பட்டது. அந்த அறிவு பரவலான பிறகு யாரோ அதைப் பின்னோக்கி எடுத்துச்சென்று ஓர் அரசியின் படுக்கையருகே வைத்திருக்கிறார்கள் என்பதே எனக்கு இயல்பான விளக்கமாகத் தெரிகிறது.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். கதையில் வரும் பண்டமே தாங்ஹுலு இல்லை. கற்கண்டோடு வேகவைத்த பழம் என்பது பாகில் ஊறிய பழம். அந்தக் கலையில் சோங் கால ஹாங்ஜோ நன்றாகவே தேர்ந்திருந்தது. அந்த நகரத்தைப் பற்றி 1235இல் எழுதப்பட்ட நூல், விருந்து ஏற்பாடு செய்யும் குழுக்களில் தேனிலும் பாகிலும் ஊறிய பழங்களுக்கென்றே தனிப் பிரிவு இருந்ததைச் சொல்கிறது. ஊறவைக்கும்போது சர்க்கரை மெல்ல மெல்லப் பழத்துக்குள் இறங்கும், பழத்தின் நீர் வெளியேறும், புளிப்பு மட்டுப்படும், பண்டம் மாதக்கணக்கில் கெடாது. தாங்ஹுலுவில் இவற்றில் ஒன்றுமே நடப்பதில்லை. பழம் பச்சையாகவே இருக்கிறது. சர்க்கரை வெளியே ஒரு மெல்லிய ஓடாக மட்டும் நிற்கிறது. கடித்தால் முதலில் ஓடு நொறுங்கி, அதற்குப் பிறகுதான் புளிப்பு நாக்கில் ஏறும். இனிப்பும் புளிப்பும் வாயில்தான் சந்திக்கின்றன, சட்டியில் சந்திப்பதில்லை. ஒன்றிலிருந்து மற்றொன்று தானாகப் பிறந்துவிடாது. இடையே ஒரு தொழில்நுட்பம் வேண்டும்.

அந்தத் தொழில்நுட்பத்தைச் சற்று நெருங்கிப் பார்ப்பது நல்லது, ஏனெனில் வாதத்தின் கனமெல்லாம் அங்கேதான் இருக்கிறது. பழத்தைக் கழுவித் துடைத்து, குறுக்கே கீறி, கத்தி முனையால் கொட்டையை நோண்டியெடுக்கிறார்கள். சில கடைகளில் அந்தக் குழிக்குள் சிவப்புக் காராமணி விழுது வைப்பதுண்டு. தோலில் ஒரு துளி ஈரம் இருந்தாலும் பாகு ஒட்டாது. இரண்டு பங்கு சர்க்கரைக்கு ஒரு பங்கு தண்ணீர் என்ற கணக்கில் அடுப்பேற்றினால், கொதி வந்த பிறகு கரண்டி போட்டுக் கிளறக்கூடாது. கிளறினால் பாகு பூத்துவிடும். முதலில் பெரிதாக எழும் குமிழிகள் நீர் வற்ற வற்றச் சிறுத்து, நெருங்கி, மேற்பரப்பு முழுவதும் மூடிக்கொள்ளும். நிறம் இளமஞ்சளைத் தொடும் முன் இறக்க வேண்டும். நம் வீடுகளில் கடலைமிட்டாய்க்குப் பாகு காய்ச்சும்போது ஒரு சொட்டைத் தண்ணீரில் விட்டு, பாத்திரத்தில் தட்டினால் டங்கென்று கேட்கிறதா என்று பார்ப்பார்களே, அதே பதம்தான்: ஏறக்குறைய 146 முதல் 154 டிகிரி செல்சியஸ். அந்த நேரத்தில் பாகில் நீர் நூற்றுக்கு இரண்டு பங்குகூட இருக்காது. குச்சியைச் சட்டியில் முக்குவதில்லை. சட்டியைச் சாய்த்து, மேலே எழும் நுரையில் ஒரு சுற்றுப் புரட்டுகிறார்கள். உடனே குளிர்ந்த கற்பலகைமேல் ஓங்கி வைத்து லேசாகத் தன் பக்கம் இழுத்தால், பழங்களின் உச்சியைத் தாண்டி ஒரு சர்க்கரைத் தகடு சிறகுபோல் நீண்டு உறையும். நல்ல கைகாரரை அந்தத் தகட்டின் மெல்லிசைப் பார்த்தே அடையாளம் சொல்லிவிடலாம். இப்படி உறைவது படிகம் இல்லை. மூலக்கூறுகள் ஒழுங்காக அடுக்கப்பட நேரம் கிடைப்பதற்குள் இறுகிப்போன, கண்ணாடி நிலையிலுள்ள சர்க்கரை. காற்றிலுள்ள ஈரத்தை அது விடாமல் இழுத்துக்கொள்ளும். ஈரம் ஏறினால் முதலில் பிசுபிசுக்கும், பிறகு வழியும்.

இந்த ஓட்டுக்கு வேண்டிய சர்க்கரை வட சீனாவில் விளைவதில்லை. கரும்பு தெற்கத்திப் பயிர்: குவாங்தொங், ஃபூஜியன், சிச்சுவான், பிற்காலத்தில் தைவான். சர்க்கரை காய்ச்சும் நுட்பத்திலேயே இந்தியாவின் கை உண்டு. 647இல் தாங் பேரரசர் தாய்ஸோங் மகதத்துக்கு ஆளனுப்பி அதைக் கற்றுவரச் செய்ததைத் தாங் வம்ச வரலாறு பதிவு செய்கிறது. சமஸ்கிருத அறிஞர் ஜி ஷியன்லின் இந்தப் போக்குவரத்தைப் பற்றியே பெரியதொரு சர்க்கரை வரலாறு எழுதியிருக்கிறார். சோங் காலத்தில் கற்கண்டு இருந்ததா என்றால், இருந்தது. 12ஆம் நூற்றாண்டின் நடுவில் வாங் ஜுவோ கற்கண்டுக்கென்றே தனி நூல் எழுதினார். கற்கண்டு செய்யும் ஊர்கள் என்று ஐந்தைச் சொல்லி, சிச்சுவானின் சுயினிங்கை முதலிடத்தில் வைக்கிறார். பாகைச் சாடிகளில் ஊற்றி, மூங்கில் கிளைகளைச் செருகி, மாதக்கணக்கில் காத்திருந்து எடுத்த அருமையான சரக்கு அது. நிறத்தை வைத்து அவர் தரும் தரவரிசை என் வாதத்துக்கு முக்கியமானது. ஊதா நிறக் கற்கண்டு முதல் தரம், அடர்ந்த பழுப்பு அடுத்தது, இளமஞ்சள் அதற்கும் கீழே, வெளிர்வெள்ளை கடைசி. ஒளி ஊடுருவும் தெளிந்த ஓடுதான் தாங்ஹுலுவின் பெருமை என்று இன்று சொல்கிறோம். அந்த ரசனைக்கே இடமில்லாத சர்க்கரை உலகம் அது. சர்க்கரையை வெளுக்கும் முறை மிங் காலத்தின் பிற்பகுதியில்தான் நன்கு நிலைபெற்றது. புனல்போன்ற சாடியில் கருஞ்சர்க்கரையை இட்டு, மேலே மஞ்சள் களிமண் கரைசலை ஊற்றினால் கசண்டு கீழே வடிந்து மேலே வெள்ளைச் சர்க்கரை நிற்கும் என்று 1637இல் வெளியான தம் தொழில்நூலில் சோங் யிங்ஷிங் விளக்குகிறார். 1684இல் சிங் பேரரசர் காங்ஷி கடல்வாணிபத் தடையை நீக்கிய பிறகு, ஃபூஜியன், குவாங்தொங் வணிகர்களின் பாய்மரக் கப்பல்கள் சர்க்கரையைத் தியான்ஜின் துறைமுகத்துக்கும் மஞ்சூரியாவுக்கும் ஏற்றிச் சென்று, திரும்பும்போது சோயா மொச்சையும் மற்றச் சரக்கும் கொண்டுவந்தன. தெருவியாபாரி ஒருவர் சட்டி நிறையச் சர்க்கரை காய்ச்சிச் சில்லறைக் காசுக்கு விற்பது இந்தக் கப்பல் பாதை இல்லாமல் நடக்கக்கூடியதாக எனக்குத் தோன்றவில்லை.

பழமும் குளிரும் வடக்கின் பங்கு. பெரிய பழம் தரும் ஷான்ஜா வகை ஹெபெய், ஷான்தொங், லியாவ்னிங் மலைச்சரிவுகளில் விளைகிறது; இலையுதிர்காலக் கடைசியில் பறித்துக் குளிர்ந்த நிலவறையில் வைத்தால் குளிர்காலம் முழுக்கத் தாங்கும். தெற்கிலும் யாங்சி பக்கத்தில் காட்டு ஷான்ஜா உண்டு, ஆனால் கனி சிறியது; கொட்டையை எடுத்தால் மிஞ்சும் சதை கொஞ்சம்தான். பெய்ஜிங்கில் ஜனவரிச் சராசரி வெப்பம் உறைநிலைக்கும் கீழே. குளிர்கால மூன்று மாதமும் சேர்த்து அங்கே மழையும் பனியும் 10 மில்லிமீட்டர் அளவுக்குத்தான். இப்படி வறண்ட குளிர்காற்றில் சர்க்கரை ஓடு நாள் முழுவதும் கண்ணாடியாகவே இருக்கும். அதனால்தான் வியாபாரி வைக்கோல் பொதி கட்டிய கழியில் குச்சிகளைச் செருகித் தோளில் சாய்த்துக்கொண்டு, மூடியோ பெட்டியோ இல்லாமல் ஊரைச் சுற்ற முடிந்தது. ஹாங்ஜோவின் குளிர்காலம் உறைநிலைக்குச் சற்று மேலே, ஈரம் நிறைந்தது. ஆண்டு மழை 1,400 மில்லிமீட்டர் அளவு. சோங் காலத்தில் தெற்கும் இன்றைவிடக் குளிராக இருந்ததே என்று ஒருவர் கேட்கலாம், நியாயமான கேள்விதான். 1111இல் தாய் ஏரி உறைந்ததைச் சுட்டிக் காட்டியவர் தட்பவெப்ப வரலாற்றறிஞர் ஜூ கேஜென். ஆனால் ஏரிகளும் கால்வாய்களும் சூழ்ந்த ஊரில் குளிர் கூடியதால் காற்று வறண்டுவிடாது. கண்ணாடிச் சர்க்கரைக்குக் குளிரைவிட வறட்சியே முதல் தேவை.

எழுத்துச் சான்றும் இதே திசையைத்தான் காட்டுகிறது. மஞ்சு இனத்தவரான ஃபுசா துன்சோங் பெய்ஜிங்கின் ஆண்டுச் சுற்றுப் பழக்கங்களைப் பற்றி 1900இல் முன்னுரை எழுதி முடித்து 1906இல் வெளியிட்ட நூலில் தாங்ஹுலு தெளிவாக வருகிறது. மூங்கில் குச்சி, அதில் திராட்சை, மலைக்கிழங்குக் கொடியின் சிறு காய்கள், காட்டு ஆப்பிள், ஷான்ஜா. மேலே கற்கண்டுப் பூச்சு. இனிப்பு, நொறுநொறுப்பு, குளிர்ச்சி. குளிர்கால இரவில் தின்றால் நிலக்கரிப் புகையின் கெடுதி போகும் என்கிறார். இந்தக் கடைசிச் செய்தி எனக்கு மிக அரிதானதாகப் படுகிறது. அரண்மனைக் கதை சொல்லும் மருத்துவ குணம் செரிமானம். ஊரில் வாழ்ந்தவர் சொல்வது நிலக்கரி. பெய்ஜிங் வீடுகள் மேற்கு மலைகளிலிருந்து வந்த நிலக்கரியை எரித்துக் குளிர்காய்ந்தன. கதவும் சன்னலும் அடைத்த அறையில் தலை கனத்து, தொண்டை வறண்டு கிடப்பவருக்குப் புளிப்பும் குளிர்ச்சியும் சேர்ந்த ஒரு பழம் எத்தனை ஆறுதலாக இருந்திருக்கும்! நிலக்கரி நச்சுக்காற்றை எந்தப் பழமும் முறிக்காது. அந்த நம்பிக்கை ஆபத்தானதும்கூட. ஆனால் இந்தத் தின்பண்டம் எந்த வீட்டிலிருந்து, எந்த அடுப்பின் அருகிலிருந்து பிறந்தது என்பதை அது காட்டிக்கொடுக்கிறது. துன்சோங் அரசியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. பெய்ஜிங்கில் வளர்ந்து பிற்காலத்தில் தைவானில் வாழ்ந்த கட்டுரையாளர் லியாங் ஷிச்சியூ தம் நினைவிலிருந்து மூன்று வகை சொல்கிறார்: மால்ட் பாகு பூசியது, வெள்ளைச் சர்க்கரை உறைபனிபோல் படிந்தது, கற்கண்டில் கண்ணாடியாக மின்னுவது. முதல் வகையில்தான் புத்தாண்டுச் சந்தை கூடும் சாங்தியனில் ஆளுயரத்தை நெருங்கும் நெடுங்குச்சிகள் விற்றன. அவற்றின் பழத்தில் அழுகலும் புழுவும் இருக்கும் என்பதையும் அவர் ஒளிக்கவில்லை. ஆக, மலிவு ஒரு பக்கம், நயம் ஒரு பக்கம் என்று ஒரே பெயரில் பல தரங்கள் இருந்தன. ஏழைக் குழந்தைக்கும் எட்டிய ஆசைப்பொருள் என்ற நினைவு 1993இல் வந்த சென் கைகேயின் ‘ஃபேர்வெல் மை கான்குபைன்’ படம் வரை நீள்கிறது. நாடகப் பயிற்சிக் கூடத்து அடி உதையில் நொந்த சிறுவன் அதில் சாவதற்கு முன் தாங்ஹுலுவை வாய் நிறையத் திணித்துக்கொள்கிறான். உலகத்தில் சிறந்தது எதுவென்று அவனுக்குத் தெரிந்தது அது ஒன்றுதான்.

இந்த வாதத்துக்கு எதிரே வைக்கக்கூடிய வலுவான மறுப்பு, எழுத்தில் இல்லாததால் இல்லை என்று ஆகிவிடாது என்பது. தெருத் தின்பண்டங்களை அறிஞர்கள் எழுதிவைப்பதில்லை. 1900க்கு எத்தனையோ தலைமுறைக்கு முன்பே தாங்ஹுலு இருந்திருக்கலாம். இதை முழுமையாக ஒப்புக்கொள்கிறேன். துன்சோங் எழுதும்போதே அது ஊரறிந்த பண்டம். ஆனால் இந்த மறுப்பு அரண்மனைக் கதைக்கு உதவாது; எழுதப்படாத தெருவின் காலத்தைத்தான் நீட்டிக் கொடுக்கும். எத்தனை தூரம் நீட்டலாம் என்பதற்கு வெள்ளைச் சர்க்கரையும் கப்பல் பாதையும் ஓர் எல்லை போடுகின்றன. மால்ட் பாகு வடக்கிலேயே தானியத்திலிருந்து கிடைத்தது, அது மிகப் பழையது. எனவே மால்ட் பூசிய முரட்டு வடிவம் ஒன்று முன்பே இருந்திருக்க வாய்ப்பு உண்டு. வடக்கே ஆண்ட லியாவ் வம்சத்தில் (907–1125) தாங்ஹுலு பிறந்தது என்போரும் இருக்கிறார்கள். லியாவ் நாட்டுக்குத் தூது சென்ற சோங் அதிகாரி ஒருவர் உறைந்த பேரிக்காயைத் தண்ணீரில் போட்டு இளகவைத்துத் தின்ற செய்தியை எழுதியிருக்கிறார். குளிரையே பதப்படுத்தும் கருவியாக்கிய பழக்கம் அங்கே இருந்ததற்கு அது நல்ல சான்று. சர்க்கரை ஓட்டுக்கு அது சான்றாகாது. இருந்தாலும் இடத்தைப் பொறுத்தவரை, அரசியின் கதையைவிட இந்தக் கூற்றுக்கே நான் கூடுதல் மதிப்பளிப்பேன்.

கதைதானே, இருந்துவிட்டுப் போகட்டும் என்பது மற்றொரு மறுப்பு. குழந்தைக்குச் சொல்ல அது அழகான கதை. அதில் எனக்குப் பிணக்கில்லை. வரலாறு என்ற பெயரில் அதை அச்சிடும்போதுதான் கேடு வருகிறது. பாகு பூக்காமல் காய்ச்சுவது, நுரையில் புரட்டுவது, கல்லில் அறைந்து தகடு இழுப்பது, பிந்திப் பறித்த பழத்தை வசந்தம் வரை நிலவறையில் காப்பது எல்லாம் பெயரில்லாத உழைப்பாளிகள் கண்டுபிடித்துக் கைமாற்றிக் கொடுத்தவை. ஒரு நல்ல பண்டத்துக்கு அரண்மனையும் வைத்தியரும்தான் தாயும் தந்தையுமாக இருக்க முடியும் என்ற எண்ணம் அவர்களின் அறிவை ஒரே வாக்கியத்தில் பறித்துவிடுகிறது. உலகெங்கும் உணவு வரலாறுகள் இந்த நோயால் அவதிப்படுகின்றன. அதனால்தான் இதை விடாமல் பேச வேண்டியிருக்கிறது.

2023இல் தென்கொரியாவில் தாங்ஹுலு பித்துப் பிடித்ததுபோல் பரவியபோது இந்தப் பண்டத்தின் அடிப்படைகள் மறுபடி சோதனைக்கு உள்ளாயின. ஒரே ஒரு கிளைக்கடை நிறுவனம் மட்டும் அந்த ஆண்டுக் கடைசிக்குள் நாடெங்கும் நூற்றுக்கணக்கான கடைகளைத் திறந்தது. ஷான்ஜா இடத்தில் ஸ்ட்ராபெர்ரி, திராட்சை, மாண்டரின் ஆரஞ்சு வந்தன. குழந்தைகள் இத்தனை சர்க்கரை தின்கிறார்களே என்ற கவலை அக்டோபரில் நாடாளுமன்றத் தணிக்கை வரை போய், அந்த நிறுவனத்தின் நிர்வாகி சாட்சியாக அழைக்கப்பட்டார். ஒட்டும் குச்சிகள் தெருவெல்லாம் கிடக்கின்றன என்று மற்றக் கடைக்காரர்கள் குறைபட்டார்கள். அடுத்த ஆண்டே ஏராளமான கடைகள் மூடப்பட்டன. பழத்தை மாற்றியதால் மரபு கெட்டது என்று சிலர் வருந்தினார்கள். அந்த வருத்தத்துக்கு ஆதாரம் இல்லை. துன்சோங் தரும் பட்டியலில் முதலில் நிற்பதே திராட்சைதான். மாறியது வேறு. ஸ்ட்ராபெர்ரியில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு நீர். ஓட்டை அது உள்ளிருந்தே கரைக்கத் தொடங்கும். கொரியாவின் கோடையில் காற்றும் வெளியிலிருந்து அதே வேலையைச் செய்யும். எனவே குளிர்பெட்டியும் குளிரூட்டிய கடையும் வேண்டும், கடைக்கு வாடகை வேண்டும், செய்த உடனே தின்ன வாடிக்கையாளர் வரிசையில் நிற்க வேண்டும். வைக்கோல் கழியோடு தெருத் தெருவாகப் போன வியாபாரிக்குப் பெய்ஜிங்கின் குளிர்காலம் காசில்லாமல் கொடுத்ததை சோலில் மின்கட்டணம் கட்டி வாங்க வேண்டியிருந்தது. வியாபாரம் சரிந்ததற்குப் போட்டியும் சலிப்பும் காரணமாயின என்பது உண்மைதான். ஆனால் சர்க்கரை ஓடு எந்தக் காற்றில் நிற்கும், எந்தப் பழத்தின்மேல் நிற்கும் என்ற பழைய கணக்கை எந்தக் கடைக்காரரும் தட்டிக்கழிக்க முடியவில்லை. ஷான்ஜாவையும் குளிர்காலத்தையும் சேர்த்துவைத்த வடசீனத் தெருவியாபாரிகள் அந்தக் கணக்கை எப்போதோ போட்டு முடித்திருந்தார்கள்.